12 வயது லாப்ரடார்: பின்னங்கால் வழுக்குகிறது, இரவில் தூக்கமில்லை. வீட்டில் என்ன செய்யலாம்?

வைகைக்கரை (மதுரை):

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் மணி ஆண் லாப்ரடார், 12 வயது முடிந்துவிட்டது, எடை 38 கிலோ. ஆறேழு மாதமாகக் காலையில் எழுந்திருக்கவே திணறுகிறான். முன்னங்காலை ஊன்றி, பின்பக்கத்தை இழுத்து, மூன்றாவது முயற்சியில்தான் நிற்கிறான். கொஞ்ச தூரம் நடந்ததும் சரியாகிவிடுகிறது. வீடு முழுக்க வழுவழு டைல்ஸ். நின்று சாப்பிடும்போதே பின்னங்கால்கள் விரிந்து விலகி, அப்படியே உட்கார்ந்துவிடுகிறான். நாங்கள் இருப்பது முதல் மாடி.

எக்ஸ்ரேயில் இரண்டு இடுப்பு மூட்டிலும் தேய்மானம் என்றார்கள். மெலாக்சிகாம் என்ற வலி மாத்திரை ஐந்து நாள் கொடுத்தோம், ஆளே மாறிப்போனான். மாத்திரை நின்றதும் பழையபடி ஆகிவிட்டது. "வயசாயிடுச்சு, அவ்வளவுதான்" என்கிறார்கள் எல்லாரும்.

இப்போது கூடுதலாக இரண்டு பிரச்சினை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து மூச்சு வாங்கிக்கொண்டே நடக்கிறான். வாரத்தில் இரண்டு நாள் படுத்த இடத்திலேயே சிறுநீர் போய்விடுகிறது.

அப்பா தன் முழங்கால் வலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக்கில் பாதி கொடுக்கலாம் என்கிறார். ஆட்டுக்கால் சூப் வை, நீலகிரித் தைலம் தேய் என்றும் சொல்கிறார்கள். எது சரி, எது கூடாது?

நாலுகால்:

முதல்ல அந்த டைக்ளோஃபெனாக்கை அவன் எட்டாத இடத்துல வைங்க. பாதி இல்ல, கால் மாத்திரைகூட வேண்டாம். நாய்க்கு இது இரைப்பையில் புண் போட்டு ரத்தம் கசியவைக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஐபுப்ரோஃபென், நாப்ராக்சென் ரெண்டுக்கும் இதே பேச்சுதான். பாராசிட்டமாலும் நாமளா அளவு போட்டுக் கொடுக்கிற மருந்து இல்ல, கல்லீரல் போயிடும். ஏற்கெனவே கொடுத்திருந்தீங்கன்னா மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லுங்க. சில நாள் இடைவெளி விடாம மெலாக்சிகாம் ஆரம்பிச்சா ரெண்டும் சேர்ந்து வயித்தைக் கிழிச்சிடும்.

தைலமும் கூடாது. அவன் நக்கி உள்ளே எடுத்துக்குவான். நீலகிரித் தைலம், வலி நிவாரண களிம்புல இருக்கிற மெத்தில் சாலிசிலேட் எல்லாமே உள்ளே போனா விஷம்.

அடுத்தது, மெலாக்சிகாம் நின்னதும் வலி திரும்பினதைத் தோல்வின்னு எடுத்துக்காதீங்க. அஞ்சு நாள்ல ஆளே மாறினான்னா, அவனை முடக்கினது வயசு இல்ல, வலி. மூட்டுத் தேய்மானம் அஞ்சு நாள்ல முடியற நோய் இல்லையே. தொடர்ந்து கொடுக்கலாமா, எந்த அளவுலன்னு டாக்டர்கிட்ட கேளுங்க. போறதுக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சுக்குங்க:

மெலாக்சிகாம் வழக்கமா முதல் நாள் கிலோவுக்கு 0.2 மி.கி., அடுத்த நாள்ல இருந்து 0.1 மி.கி., நாளைக்கு ஒரே வேளை, சாப்பாட்டோட. 38 கிலோவுக்கு 3.8 மி.கி. மருந்துக்கடையில் மனுஷங்களுக்கு விக்கிறது 7.5, 15 மி.கி. மாத்திரை. 15 மி.கி. முழுசாக் கொடுத்தா நாலு மடங்கு ஆயிடும். விபத்து நடக்கிறதே இந்த இடத்துலதான்.

ஆரம்பிக்கும் முன்ன ரத்தத்துல கிரியேட்டினின், யூரியா, கல்லீரல் நொதிகள், கூடவே சிறுநீரின் அடர்த்தி பாருங்க. ரெண்டு முதல் நாலு வாரத்துல திரும்ப ஒரு தடவை, அப்புறம் மூணு முதல் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை. வாந்தி, தார் மாதிரி கறுப்பு மலம், சாப்பாட்டை ஒதுக்கறது, திடீர்னு நிறைய தண்ணி குடிக்கிறது, இதுல எது வந்தாலும் அடுத்த வேளையைக் கொடுக்காம போன் பண்ணுங்க. பிரெட்னிசோலோன் மாதிரி ஸ்டீராய்டு ஓடும்போது இதைச் சேர்க்கவே கூடாது.

இது மட்டும் பத்தலைன்னா காபாபென்டின்னு ஒரு நரம்பு வலி மருந்தைச் சேர்ப்பாங்க. முதல் மூணு நாலு நாள் தள்ளாடுவான், தூங்கிவழிவான், அப்புறம் பழகிடும். மனுஷங்களுக்கான காபாபென்டின் திரவத்துல சைலிட்டால்ங்கிற இனிப்பூட்டி இருக்கலாம். அது நாய்க்குக் கொடிய விஷம், அதனால கேப்ஸ்யூலாவே கேட்டு வாங்குங்க. நாள்பட்டுக் கொடுத்ததைப் பட்டுன்னு நிறுத்தக்கூடாது, படிப்படியாக் குறைக்கணும்.

எக்ஸ்ரேல தேய்மானம் தெரிஞ்சா அதோட தேடலை நிறுத்திடுவாங்க. வயசான லாப்ரடார்ல ரெண்டு விஷயத்தையும் சேர்த்துப் பார்க்கணும். ஒண்ணு, உண்ணிக் காய்ச்சல். நம்ம ஊர்ல உண்ணி இல்லாத மாசமே கிடையாது. ஒரே நேரத்துல பல மூட்டு வீங்கி, காய்ச்சலும் இருந்தா ரத்தத்தட்டு எண்ணிக்கையும், உண்ணி பரப்புற எர்லிக்கியா கிருமிக்கான சோதனையும் கேளுங்க. இன்னொண்ணு நரம்பு. அதை வீட்டிலேயே பார்க்கலாம். அவனை ரப்பர் விரிப்புல நிக்க வைங்க, இடுப்பை ஒரு கையால தாங்கிக்குங்க. பின்பாதத்தை மெதுவாக மடக்கி, மேல்பக்கம் தரையில படுற மாதிரி வைங்க. நரம்பு நல்லா இருந்தா ஒரு நொடிக்குள்ள பாதத்தைத் திருப்பி ஊன்றிடும். அப்படியே மடங்கி நின்னுக்கிட்டிருந்தா அது மூட்டு வலி மட்டும் இல்ல. நடு ரெண்டு நகத்தோட மேல்பக்கம் தேஞ்சிருக்கான்னும் பாருங்க. குரைக்கிற சத்தம் மாறியிருக்கா?

இழைப்புளி:

மருந்தைப் பற்றி மேலே சொல்லிவிட்டார்கள். தரையைச் சரிசெய்யாவிட்டால் அந்த மருந்தில் பாதி வீண். டைல்ஸில் ஒவ்வொரு முறை கால் விரியும்போதும் உள்தொடைத் தசை இழுபடுகிறது. அந்தப் பயத்தில் அவன் நடப்பதைக் குறைக்கிறான். நடக்காததால் தசை கரைந்து மூட்டுக்கு இருந்த பிடிமானமும் போகிறது.

வீடு முழுக்க விரிக்க வேண்டியதில்லை. படுக்கை, தண்ணீர், சாப்பாடு, வாசல் நான்கையும் இணைத்து இரண்டடி அகலத்தில் ஒரு பாதை போட்டால் போதும். 6 மி.மீ. யோகா விரிப்பை நீளவாக்கில் அடுக்கி, இடைவெளி இல்லாமல் அடியில் இருபக்க ஒட்டுப்பட்டை போடுங்கள். ஓரடி இடைவெளி விட்டாலும் நாய் அங்கேயே நின்றுவிடும். சணல் மிதியடி, பழைய சாக்கு வேண்டாம், அவை நாயோடு சேர்ந்து வழுக்கும். தென்னைநார்த் தடுக்கு நல்லது, அடிப்பக்கம் ரப்பர் இருந்தால் மட்டும்.

பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். மெத்துகளுக்கு நடுவே முடி வளர்ந்து மூடியிருந்தால் காலுறை போட்டுக்கொண்டு டைல்ஸில் நடப்பது போலத்தான். வட்டமுனைக் கத்தரியால் மெத்தின் மட்டத்துக்கு வெட்டுங்கள். நிற்கும்போது நகம் தரையில் படக்கூடாது. கறுப்பு நகமாக இருந்தால் ஒவ்வொரு முறையும் 1 மி.மீ. மட்டும் நறுக்கி, வெட்டுவாயைப் பாருங்கள். வெள்ளையாக உலர்ந்து தெரியும் வரை வெட்டலாம். நடுவில் ஈரமான கரும்புள்ளி தெரிந்ததும் நிறுத்துங்கள், அதற்கு மேல் ரத்தக்குழாய். நீண்ட நகத்தை ஒரே நாளில் குட்டையாக்க முடியாது. பத்து நாளுக்கு ஒருமுறை நுனியை மட்டும் எடுத்தால் உள்ளே ரத்தக்குழாயும் பின்வாங்கும்.

படுக்கைக்கு, 2 அங்குல ரப்பர் கலந்த தென்னைநார் மெத்தை கீழே, அதன் மேல் 2 அங்குல அடர்த்தியான ஃபோம். 4 அடிக்கு 3 அடி. முழங்காலை ஊன்றிப் பாருங்கள், தரை தட்டினால் அந்த ஃபோம் உதவாது. மேலே ரெக்சின் உறை தைத்து, அதன் மேல் பழைய நூல் சேலையை நான்காக மடித்து விரியுங்கள். வெறும் ரெக்சின் மதுரை வெயிலில் கொதிக்கும், அவன் எழுந்து டைல்ஸுக்கே போய்விடுவான். சிறுநீர் பட்டால் சேலையை மட்டும் மாற்றினால் போதும்.

மாடிக்கு ஒரு யோசனை. சிறுநீருக்காகத் தினம் ஐந்து முறை படி இறக்காதீர்கள். பால்கனியில் 4 அடிக்கு 3 அடி மரச்சட்டம் அடித்து, ஒரு பக்கத்தைத் திறந்து விட்டு, பிளாஸ்டிக் தாள் மேல் மணலோ புல்தரையோ போடுங்கள். வழக்கமாகப் போகும் இடத்து மண்ணில் இரண்டு கை அள்ளி அதில் தூவினால் வாசனை பிடித்துக்கொள்வான். கீழே இறங்குவது காலை, மாலை மட்டும் என்று ஆக்கிவிடலாம்.

வாசலில் மூன்று படி என்றால் சாய்தளம் போடலாம். 45 செ.மீ. உயரத்துக்கு 1.5 மீட்டர் நீளமாவது வேண்டும். அதைவிடச் செங்குத்தானால் படியே மேல்.

வைகைக்கரை:

நாலுகால் சார், நீங்கள் சொன்னபடி பாதத்தை மடக்கிப் பார்த்தேன். வலது கால் உடனே திரும்பிவிட்டது. இடது கால் நான்கைந்து நொடி அப்படியே இருந்தது. இடது நடு நகங்கள் மேல்பக்கம் தட்டையாகத் தேய்ந்திருக்கின்றன. குரைப்பு போன வருடத்திலிருந்தே கரகரப்புதான், தொண்டை கட்டியிருக்கிறது என்று விட்டுவிட்டோம். தண்ணீர் குடித்ததும் இருமுகிறான். பயமாக இருக்கிறது.

நாலுகால்:

பயப்படாதீங்க, ஆனா இந்த வாரமே காட்டுங்க. கரகரத்த குரைப்பு, தண்ணி குடிச்சதும் இருமல், பின்னங்கால் இழுப்பு, இந்த மூணும் ஒரு வயசான லாப்ரடார்ல சேர்ந்து வந்தா குரல்வளை வாதத்தைச் சந்தேகிக்கணும். நீளமான நரம்புகள் மெல்ல மெல்லச் செயலிழக்குற நோய். குரல்வளைக்குப் போற நரம்பு உடம்பிலேயே நீளமானதுல ஒண்ணு, அதனால முதல்ல அடிபடும். பின்னங்காலுக்குப் போறது அடுத்தது. லேசா மயக்கம் கொடுத்து, மூச்சு இழுக்கும்போது குரல்வளை திறக்குதான்னு நேரடியாப் பார்த்துத்தான் உறுதிப்படுத்துவாங்க. நரம்பு பலவீனத்துக்கு வலி கிடையாது. இடுப்புத் தேய்மானத்துக்கு வலி உண்டு. மணிக்கு ரெண்டும் இருக்கலாம், அதனால வலி மருந்து தேவையில்லைன்னு ஆகாது.

இன்னிக்கே மாத்த வேண்டியது கழுத்துப்பட்டை. கழட்டிட்டு மார்புப்பட்டை போடுங்க. நடை காலை 6 மணிக்கு முன்ன, இல்லன்னா இருட்டினப்புறம். அவனால மூச்சை வேகமா இழுத்து உடம்பைக் குளிர வைக்க முடியாது. வெயில்ல பத்து நிமிஷம் போதும், மயங்கி விழுந்திடுவான். மூச்சு இழுக்கும்போது கர்ர்னு சத்தம் வந்து ஈறு நீலமாவோ சாம்பலாவோ மாறினா, வயிறு, தொடை இடுக்கு, பாதம் நனையத் தண்ணி ஊத்தி, ஏ.சி. இல்ல ஃபேன் காத்துல வச்சபடியே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. வாய்க்குள்ள தண்ணி ஊத்தாதீங்க, நுரையீரலுக்குள்ள போயிடும்.

முத்தின நிலையில குரல்வளையை ஒரு பக்கம் இழுத்துத் தைக்கிற அறுவை சிகிச்சை உண்டு. மூச்சு சரியாகும், ஆனா உணவு நுரையீரலுக்குள்ள இறங்கி நிமோனியா வர்ற ஆபத்து ஆயுசு முழுக்க இருக்கும். வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடைக் கல்லூரி மருத்துவமனைகள்ல உங்களுக்குப் பக்கமானதுக்குக் கூட்டிட்டுப் போகலாம். போகும்போது ரெண்டு வீடியோ எடுத்துட்டுப் போங்க: படுக்கையிலிருந்து எழறது ஒண்ணு, பின்னாடி நின்னு நடையை எடுத்தது ஒண்ணு. புது இடத்துல பதற்றத்துல நாய் நொண்டாது, டாக்டர் கண்ணுக்கு எதுவும் தெரியாமப் போயிடும்.

அளவுக்கரண்டி:

தம்பி, யாருமே இன்னும் எடையைத் தொடவில்லை. 38 கிலோ அதிகம் என்றுதான் தோன்றுகிறது. உறுதிசெய்ய, உங்கள் கையை முஷ்டி பிடித்து விரல் முட்டிகளைத் தடவிப் பாருங்கள், விலா அப்படித் தட்டுப்பட்டால் ஒல்லி. கையை விரித்துப் புறங்கையைத் தடவினால் எலும்பு மெல்லிசாகத் தெரிகிறதே, விலா அப்படி இருந்தால் சரியான எடை. உள்ளங்கையைத் தடவுவது போல மெத்தென்று இருந்தால் பருமன்.

எடையில் ஆறு சதவீதம் குறைந்தாலே நொண்டல் குறைகிறது என்று ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். மணிக்கு அது 2.3 கிலோ. 48 லாப்ரடார்களை வைத்து ஒரு நீண்ட ஆய்வு செய்தார்கள். கால்பங்கு குறைவாகத் தின்ற கூட்டம் கிட்டத்தட்ட இரண்டு வருடம் கூடுதலாக இருந்தது, மூட்டு நோயும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. இதைவிட வலுவான மூட்டு மருந்து எனக்குத் தெரிந்து கடையில் இல்லை.

32 கிலோவை இலக்காக வைத்தால் ஒரு நாளைக்குச் சுமார் 940 கலோரி. வீட்டுச் சாப்பாட்டில் அது எப்படி இருக்கும் என்றால், வெந்த சோறு 250 கிராம், தோலில்லாத கோழி நெஞ்சுக்கறி வேகவைத்தது 300 கிராம், பூசணி, பீர்க்கு, பீன்ஸ் கலந்து 200 கிராம், ஒரு முட்டை. இரண்டு வேளையாகப் பிரியுங்கள். கண்ணளவு வேண்டாம், சமையலறைத் தராசில் போடுங்கள். இதில் சுண்ணாம்புச்சத்தும் தாது உப்பும் போதாது, அதற்கான பொடியின் அளவை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். வயதான நாய்க்குப் புரதத்தைக் குறைக்க வேண்டும் என்பது பழைய பேச்சு. சிறுநீரகம் நன்றாக இருக்கும்வரை கறியைக் குறைக்காதீர்கள், தசை அதில்தான் நிற்கிறது. குறைக்க வேண்டியது சோறும் பிஸ்கட்டும். ஒரு மேரி பிஸ்கட் சுமார் 25 கலோரி. வீட்டில் ஆளுக்கு இரண்டாக ஐந்து பேர் போட்டால் நாள் உணவில் கால்பங்கு அங்கேயே முடிந்தது. அப்பாவிடம் பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கிண்ணம் வெள்ளரித் துண்டு கொடுத்துவிடுங்கள். கொடுக்கும் ஆசையும் தீரும், எடையும் ஏறாது.

வாரம் 200 முதல் 350 கிராம் குறைந்தால் போதும், அவசரப்பட்டால் தசைதான் கரையும். எடை பார்க்க 38 கிலோவைத் தூக்க வேண்டாம், அரிசி மண்டியில் மூட்டை ஏற்றும் தரைத் தராசில் நிற்க வைக்கலாம்.

ஆட்டுக்கால் சூப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வெங்காயம், பூண்டு போட்டதென்றால் ஒரு கரண்டிகூட வேண்டாம், ரத்த அணுக்களை உடைக்கும். எதுவும் போடாமல் கொதிக்க வைத்தாலும் கொழுப்பு கணையத்தைத் தாக்கலாம். ஃபிரிட்ஜில் வைத்து மேலே உறையும் கொழுப்பை முழுக்க வழித்தெடுத்தால் அரை டம்ளர் சோற்றில் ஊற்றலாம், ருசிக்கு. அதனால் மூட்டு வளராது.

மீன் எண்ணெய் உண்மையிலேயே பயன்படும். சாதாரண 1,000 மி.கி. கேப்ஸ்யூலில் வேலை செய்யும் ஒமேகா 3 சுமார் 300 மி.கி. மட்டுமே. மணியின் எடைக்கு ஒரு நாளில் 2,400 மி.கி. வரை தேவைப்படும், அதாவது எட்டு. ஒன்றில் ஆரம்பித்து மூன்று நான்கு வாரத்தில் ஏற்றுங்கள். மலம் இளகினால் முந்தைய அளவுக்குத் திரும்புங்கள். பலன் தெரியக் குறைந்தது இரண்டு மாதம் ஆகும். காட் ஈரல் எண்ணெயை வாங்கிவிடாதீர்கள், அந்த அளவில் வைட்டமின் ஏ, டி எல்லை மீறும்.

தென்னந்தோப்பு:

இரவில் சுற்றுவதற்கு மூளைத் தளர்ச்சி காரணம். தேங்காய் எண்ணெய் தினம் இரண்டு மேஜைக்கரண்டி கொடுங்க, சரியாகும்.

அளவுக்கரண்டி:

இல்லை ஐயா. மூளைக்கு உதவுவதாகப் பார்த்தது நடுத்தரச் சங்கிலிக் கொழுப்புள்ள எண்ணெயையும் அதைச் சேர்த்த உணவையும். தேங்காய் எண்ணெயில் அந்த வகை கொஞ்சம்தான், கிட்டத்தட்டப் பாதி லாரிக் அமிலம். இரண்டு மேஜைக்கரண்டி 240 கலோரி, எடை குறைக்க வேண்டிய நாய்க்கு நாள் உணவில் கால்பங்கு. கணையத்துக்கும் ஆபத்து.

இரவுவிளக்கு:

இரவு நடையில் முதலில் எது என்று பிரித்துப் பாருங்கள் அண்ணா. வலி என்றால் படுப்பான், எழுவான், புரள்வான், இடம் மாறிப் படுப்பான், மூட்டை நக்குவான். மூளைத் தளர்ச்சி என்றால் குறிக்கோளில்லாத நடை: மூலையில் தலையை முட்டி நின்றுவிடுவது, கதவின் கீல் பக்கம் போய்த் திறக்கக் காத்திருப்பது, சுவரையே பார்ப்பது, பகலெல்லாம் தூங்குவது. மணிக்கு மூச்சு வாங்குகிறது என்பதால் குரல்வளையும் வெக்கையும் காரணமாக இருக்கலாம். தூக்க மருந்து கேட்பதற்கு முன் அதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். அமைதிப்படுத்தும் மருந்து மூச்சையும் தளர்த்தும்.

காபாபென்டின் ஆரம்பித்தால் கடைசி வேளையைப் படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். இரவு 10 மணிக்கு ஒருமுறை பால்கனி மணலுக்குக் கூட்டிப் போங்கள். நடைபாதை விரிப்பின் மேல் விழும்படி ஒரு மங்கலான விளக்கு எரியட்டும். வயதான கண்ணுக்கு இருட்டில் டைல்ஸ் எது, விரிப்பு எது என்று தெரியாது. பகலில் மூன்று முறை வீட்டுக்குள் விரிப்பின் மேலேயே பத்துப் பத்து நிமிடம் நடையும், துணியைச் சுருட்டி உள்ளே வெள்ளரித் துண்டை ஒளித்துத் தேட விடுவதும் இரவுத் தூக்கத்துக்கு உதவும். மூளைத் தளர்ச்சி என்று உறுதியானால் செலிஜிலின் என்ற மாத்திரை உண்டு, காலையில் கொடுப்பது, பலன் பார்க்க நான்கு முதல் ஆறு வாரம். டிராமடால் என்ற வலி மருந்தோடு அது சேரவே கூடாது.

சிறுநீருக்கு, 24 மணி நேரத்தில் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறான் என்று அளந்து ஊற்றிக் கணக்கெடுங்கள். கிலோவுக்கு 100 மி.லி., அதாவது மணியின் எடைக்கு ஒரு நாளில் 3.8 லிட்டர் தாண்டினால் சிறுநீரகம், சர்க்கரை எல்லாம் பார்க்க வேண்டும். காலை முதல் சிறுநீரைப் பிடிக்க, நீளக் கைப்பிடிக் கரண்டியைக் கொதிநீரில் கழுவிப் பின்னால் இருந்து நீட்டுங்கள், முதல் பீச்சலை விட்டு நடுவில் பிடியுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் கொடுங்கள்.

நனைந்த தொடையை அன்றன்றைக்கே வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, முடியைக் குட்டையாக வெட்டிவிடுங்கள். ஈ மொய்க்கும் ஈரத்தோலில் ஒரே நாளில் முட்டையிட்டுப் புழு வைத்துவிடும். அப்படி ஆனால் டர்பன்டைன், மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், தோல் வெந்துவிடும், மருத்துவர் மயக்கம் கொடுத்துச் சுத்தம் செய்ய வேண்டிய புண் அது. குழந்தைகளுக்கான டயப்பர் களிம்பும் வேண்டாம், பெரும்பாலும் துத்தநாக ஆக்சைடு இருக்கும், நக்கினால் நஞ்சு. பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லப் பூசுங்கள்.

ஒரு நாட்காட்டியும் மாட்டுங்கள். சாப்பிட்டானா, தானாக எழுந்தானா, வாலாட்டினானா, இரவு தூங்கினானா என்று பார்த்து நல்ல நாள் என்றால் ஒரு புள்ளி, மோசம் என்றால் ஒரு கோடு. மருந்து கேட்கிறதா என்பது மூன்று வாரத்தில் அதிலேயே தெரியும். பின்னாளில் கோடுகள் புள்ளிகளைத் தாண்டும் மாதம் வந்தால், அவனை வலியில்லாமல் அனுப்பிவைப்பது பற்றி மருத்துவரிடம் பேசவும் அந்தத் தாள் உங்களுக்குத் துணையாக இருக்கும்.

வைகைக்கரை:

எல்லாருக்கும் நன்றி. வியாழக்கிழமை கூட்டிப் போகிறோம். படி 18 இருக்கிறது. 38 கிலோவை இறக்கி ஏற்றுவதற்கு வழி சொல்லுங்கள். துண்டை வயிற்றுக்கடியில் கொடுத்தால் சிறுநீர் அதிலேயே போகிறது.

இழைப்புளி:

ஆண் நாய்க்கு வயிற்றுத் துண்டு ஆணுறுப்பை அழுத்தும், அதனால்தான். பின்னங்கால் இரண்டும் தனித்தனியே நுழையும் இடுப்புப் பட்டை வாங்குங்கள். வியாழனுக்குள் கிடைக்காவிட்டால், பருத்தித் துண்டை நீளவாக்கில் நான்காக மடித்து, ஒரு முனையை இடது உள்தொடை வழியாகவும் மறுமுனையை வலது உள்தொடை வழியாகவும் பின்னாலிருந்து முன்னால் கொண்டுவந்து, இரண்டையும் முதுகுக்கு மேல் சேர்த்துப் பிடியுங்கள். முன்பக்கம் மார்புப்பட்டை.

இரண்டு பேர் வேண்டும். இறங்கும்போது ஒருவர் ஒரு படி கீழே, மார்புக்கு முன்னால், அவனைப் பார்த்தபடி. எடை முன்னங்காலில்தான் விழும், விழுந்தால் முகம் அடிபடும். மற்றவர் பின்னால் நின்று இடுப்பைத் தாங்கட்டும். தூக்க வேண்டாம், கால் படியில் பட்டபடி எடையில் பாதியை மட்டும் ஏந்துங்கள். ஏறும்போது வலுவானவர் பின்னால். ஆறு படிக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு அடங்கட்டும், மணிக்கு அது அவசியம். நேரம் கேட்டு வாங்கும்போது காலை முதல் ஆளாகக் கேளுங்கள், வெயிலுக்கு முன் வீடு திரும்பிவிடலாம். கார் பின்னிருக்கையில் கால்வைக்கும் பள்ளத்தைத் தலையணையால் அடைத்து, அந்த யோகா விரிப்பில் ஒன்றை மேலே போட்டுவிடுங்கள். ஏ.சி.யை அவனை ஏற்றுவதற்கு ஐந்து நிமிடம் முன்பே ஓடவிடுங்கள்.